வாயை மட்டும் அசைக்கச் சொன்னேன்

ஆவடி
14.7.2024

அன்புள்ள மைதிலிக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. புனேயில் நீயும் தீபிகாவும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். வீடியோ காலில் நீ குழந்தையைத்தான் காட்டுகிறாய், உன் முகம் வருவதே இல்லை. பேரனிடம் போய் இதையெல்லாம் சொல்ல முடியுமா?

ரசம் இப்போது நன்றாகவே வைக்கிறேன். ஒரு ஆளுக்கு அளவுதான் பிடிபடவில்லை, ஒரு தடவை வைத்தால் மூன்று நாள் ஓடுகிறது. எதிர் பிளாக்கில் நாலு வீடு காலி. எல்லோரும் முத்தாபுதுப்பேட்டைப் பக்கம் சொந்த வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். சாயங்காலம் பாக்டரியிலிருந்து வந்து கதவைத் திறந்தால், காலையில் காபி குடித்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கிறது. அதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சலாக வருகிறது.

நம் சேர்ந்திசைக் குழு நடந்துகொண்டுதான் இருக்கிறது. அதே குவார்ட்டர்ஸ் சமுதாயக் கூடம், அதே ஞாயிறு நாலு மணி. சுதந்திர தினத்துக்கு வாத்தியம் இல்லாத அந்தப் பாட்டையே மறுபடி எடுத்திருக்கிறோம். நாகம்மா இன்னும் வரி நடுவில் மூச்சை விட்டுத் தொலைக்கிறாள். தமிழ்வாணனுக்கு மெதுவாகப் பாடு என்றால் கோபம் வருகிறது. பதினாறு வருஷமாகச் சொல்லிக் கொடுக்கிறேன், யாருக்காவது உறைக்கிறதா?

போன ஞாயிறு ஒன்று நடந்தது. நான் சுருதிப்பெட்டியை ஆரம்பத்தில் போட்டுவிட்டு, பாடத் தொடங்கியதும் அணைத்துவிடுவேன் அல்லவா? அன்றைக்கு என்னவோ தோன்றி, பாட்டு முடிந்த கையோடு மறுபடி போட்டேன். பெட்டி ஒரு இடத்தில் நிற்கிறது, நாங்கள் மொத்தப் பேரும் அரைக் கட்டை கீழே நிற்கிறோம். எல்லோருக்கும் முகம் தொங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும், குடியரசு தின ஒத்திகையைத் தமிழ்வாணன் செல்போனில் எடுத்து அனுப்பியிருந்தானே, அதைப் போட்டு, பக்கத்தில் பெட்டியையும் வைத்துக் கேட்டேன். அன்றைக்கும் குழு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே போயிருக்கிறது. கடைசி அடியில் ஒரே ஒரு குரல்தான் பெட்டியோடு நிற்கிறது. அது உன் குரல், மைதிலி. எல்லோரும் இறங்கி, நீ மட்டும் இறங்காததால்தான் உன் குரல் தனியாகத் துருத்திக்கொண்டு கேட்டது. நாலு தடவை போட்டுக் கேட்டேன்.

அந்த ஒத்திகையில்தான் அத்தனை பேர் முன்னாலும் உன்னை நிறுத்தி, "நீ பாடாதே, வாயை மட்டும் அசை" என்றேன். யார் சுருதி விலகினாலும் அப்படித்தான் சொல்வேன், பெண்டாட்டிக்கு மட்டும் தனிச் சட்டம் கிடையாது என்று அன்றைக்கு எனக்குப் பெருமை வேறு. விழாவில் மூன்று பாட்டுக்கும் சத்தமில்லாமல் வாயை அசைத்துவிட்டு இறங்கினாய். அடுத்த வாரம் தீபிகா பிரசவத்துக்கு என்று கிளம்பினாய். மூன்று மாதத்தில் வருவதாகச் சொன்னாய். இது ஆறாவது மாதம்.

பாக்டரியில் கேஜ் வைத்து அளந்து பார்க்காமல் ஒரு போல்ட்டைக்கூட நான் ரிஜெக்ட் செய்ததில்லை. உன்னை வெறும் காதால் தள்ளிவிட்டேன்.

இன்றைக்கு எல்லோரிடமும் ஒத்துக்கொண்டேன், அன்று சரியாகப் பாடியது மைதிலி ஒருத்திதான், தப்பு என்னுடையது என்று. வரலட்சுமிதான் எழுந்து, "இத்த எங்ககிட்ட சொல்லி இன்னா சார் ஆவப்போது? அக்காண்ட சொல்லு சார்" என்று முகத்துக்கு நேரே சொன்னாள். அவள் சொன்னது நியாயம்தான். வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

என்னை மன்னித்துவிடு. நீ இல்லாமல் எனக்கு முடியவில்லை. பேரனை விட்டு வர மனமில்லை என்றால் இன்னும் கொஞ்ச நாள் இரு, நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் என்னால்தான் வராமல் இருக்கிறாய் என்றால் தயவுசெய்து வா. முப்பத்தொரு வருஷத்தில் நீ என்னை ஒரு தடவைகூடத் திட்டியதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடத்துக்கே வந்து, அத்தனை பேர் முன்னாலும் என்னை நிற்கவைத்துத் திட்டு. நீ சொல்லி முடிக்கிறவரை தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

பேரனுக்கு என் ஆசிகள்.

உன்
லோகநாதன்