பக்கத்தின் அடியில் ஓர் இலை

புதன்கிழமை, மதியம்

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு இடது கண்ணில் அறுவை முடிந்து கட்டுப் பிரித்துவிட்டார்கள். வலது கண்ணுக்கு இரண்டு மாதம் போகட்டும் என்கிறார் டாக்டர். நீ அனுப்பிய குழந்தையின் படத்தை அம்மா முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "அப்படியே அப்பன் மூக்கு. என்ன பண்றது, வளர வளரச் சரியாகும்" என்றாள். நீயும் உன் மனைவியும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போனில் பேசியிருக்கலாம். ஆனால் பாதியில் நீ "அக்கா, ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்" என்பாய், நான் நிறுத்திவிடுவேன். நிறுத்தி நிறுத்தியே எனக்கு நாற்பத்தேழு வயதாகிவிட்டது. கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. அதனால்தான் இது.

நம் அச்சகத்தின் ஐம்பதாம் ஆண்டு மலர், கடைசி புரூஃப், திங்கட்கிழமையிலிருந்து என் மேஜையில் கிடக்கிறது. உனக்குத் தெரியும், நான் முதல் பக்கத்தில் "அச்சிடலாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போடாமல் இங்கே எதுவும் மிஷினில் ஏறாது. இருபது வருஷமாக அதுதான் என் வேலை. சித்தப்பா ஒரு நாளைக்கு மூன்று தடவை வந்து எட்டிப் பார்க்கிறார். "வெள்ளிக்கிழமை மிஷின் ஏறணும்மா. விழாவுக்குப் பத்திரிகை எல்லாம் கொடுத்தாச்சு. நீ என்ன அடைகாக்கிறியா?" என்று இன்று காலையில் கேட்டார். நான் கையெழுத்துப் போடவில்லை. போடவும் மாட்டேன், முப்பத்தொன்றாம் பக்கம் இப்போது இருக்கிறபடி இருந்தால்.

மலருக்கு நீ எழுதிய முதல் அத்தியாயம் நன்றாக இருக்கிறது. உலகத்தில் அச்சு எப்படி வந்தது, மரப்பலகையில் செதுக்கியதிலிருந்து ஈய எழுத்து வரைக்கும், படித்தபோது எனக்கே பல விஷயம் புதிதாக இருந்தது. "பூட்டிக் கிடந்த அறிவு தெருவுக்கு வந்தது" என்று முடித்திருக்கிறாய். நல்ல வாக்கியம். ஆனால் அது தெருவுக்கு எப்படி வந்ததாம்? எழுத்துகள் தாமே பெட்டியிலிருந்து எழுந்து வரிசையில் நின்றனவா? இருபத்தெட்டுப் பக்கங்களில் ஈயம் வருகிறது, மை வருகிறது, காகிதம் வருகிறது, மன்னர்கள் கூட வருகிறார்கள். ஒரு கை வரவில்லை. அதைப் படித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. பெரிய விஷயம் எழுதுகிறவர்கள் அப்படித்தான் எழுதுவார்கள் என்று விட்டுவிட்டேன்.

முப்பத்தொன்றாம் பக்கத்தில்தான் என் பென்சில் முனை ஒடிந்தது. "ஆலைப் பெண்களின் உரிமைகளை அவர்களுக்குப் புரியும் மொழியில் சொன்ன அந்த ஒற்றைத் தாள், அப்பாவின் தொலைநோக்கில் பிறந்தது" என்று எழுதியிருக்கிறாய். எதிர்ப் பக்கத்தில் அந்தத் தாளின் படம்.

தம்பி, அந்தத் தாள் பிறந்தபோது நீயும் பிறந்து இருபத்திரண்டு நாள்தான் ஆகியிருந்தது. எனக்குப் பத்து வயது. நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

ஆலையில் நூல் சுற்றும் பிரிவில் வேலை செய்த ஒருத்தி அச்சகத்துக்கு வந்தாள். நெட்டையாக இருப்பாள், கையெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும். ஒரு வக்கீல் குமாஸ்தாவைப் பிடித்துச் சட்டத்தில் இருப்பதை எழுதி வாங்கி வந்திருந்தாள். எத்தனை மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, பிரசவத்துக்கு முன்னும் பின்னும் சம்பளத்தோடு எத்தனை வாரம் விடுப்பு, கேட்டால் வேலையை விட்டு அனுப்ப முடியுமா முடியாதா, அவ்வளவுதான். ஆலையில் அதை ஒட்டி வைத்திருந்தார்களாம், மானேஜர் அறைக்குள்ளே, யாருக்கும் புரியாத சட்ட பாஷையில். அதைப் பெரிய எழுத்தில் அடித்துத் தரக் கேட்டாள். அப்பா முடியாது என்று அனுப்பிவிட்டார். ஆலையின் லேபிள் முழுவதும் நம்மிடம்தான் அச்சாகிக்கொண்டிருந்தது. எட்டுப் பேர் வீட்டில் அதனால் அடுப்பு எரிந்தது. அப்பா பயந்தது எனக்குப் புரிகிறது. பயந்தவரைப் பயந்தவர் என்றுதான் எழுத வேண்டும்.

நாலு நாள் கழித்து அப்பா காகிதம் வாங்க வெளியூர் போனார். அந்த நெட்டைக்காரி திரும்பவும் வந்தாள். அச்சகத்தில் எழுத்துக் கோக்கிற வேலை அம்மாவுக்கு, அன்றும் எழுத்துப் பெட்டி முன்னால் நின்றிருந்தாள். ஆமாம், இருபத்திரண்டு நாளில். உன்னைக் காகிதக் கட்டு வந்த அட்டைப் பெட்டியில் துணி விரித்துக் காலடியில் படுக்கவைத்திருந்தாள். நீ அழுதால் காலால் பெட்டியை ஆட்டுவாள், கை நிற்காது. குமாஸ்தா எழுதிக் கொடுத்த தாளை அம்மா வாங்கிப் படித்தாள். விடுப்பு பற்றிய இடம் வந்ததும் இன்னொரு தடவை படித்தாள். கீழே உன்னைப் பார்த்தாள். பிறகு, "நாளைக்கு இதே நேரத்துக்கு வாங்க" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கி, கையிலிருந்த கட்டையில் தலைகீழாக அடுக்கி, வரி கட்டி, அன்று சாயங்காலத்துக்குள் முடித்துவிட்டாள். குமாஸ்தா எழுதியிருந்த கஷ்டமான வார்த்தைகளை எல்லாம் அடுக்கும்போதே அவள் மாற்றினாள். "பணிநேர வரம்பு" என்று இருந்ததை "எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகலாம்" என்று ஆக்கியது அவள். உன் மலரில் "எளிய மொழி" என்று புகழ்ந்திருக்கிறாயே, அது குழந்தை வைத்த அட்டைப் பெட்டியைக் காலால் ஆட்டிக்கொண்டிருந்தவளின் மொழி. மறுநாள் கால் மிஷினை அவளே மிதித்து ஐந்நூறு தாள் அடித்தாள். தையல் ஆறாத உடம்போடு. நான் தாள் எடுத்துக் கொடுத்தேன்.

இப்போது அந்தப் படத்தைப் பார். நீ பார்த்திருக்க மாட்டாய், ஏனென்றால் பார்க்க அங்கே எதுவும் இல்லை. மூலத் தாளில், கடைசி வரிக்குக் கீழே, வலது ஓரத்தில், ஒரு சின்ன இலை இருக்கும்.

நம் அச்சகத்தில் அன்றைக்கு ஒரு வழக்கம் இருந்தது. எழுத்துக் கோக்கிற ஒவ்வொருவரும் தன் பக்கத்தின் அடியில் தன் அடையாளமாக ஓர் அலங்கார எழுத்தைச் செருகிவைப்பார்கள். ஒருவருக்கு நட்சத்திரம், ஒருவருக்கு வட்டம், அம்மாவுக்கு இலை. புரூஃபில் பிழை கண்டால் யாரிடம் திருப்பித் தருவது என்று தெரிவதற்காக. பிழையெல்லாம் திருத்தி முடித்ததும், மிஷினில் ஏற்றும் முன், அதைப் பிடுங்கிவிட்டு வெற்றுக் கட்டை வைத்துவிடுவார்கள். அதாவது தப்புக்கு ஆள் தெரிய வேண்டும், சரியாக வந்த பிறகு ஆள் தெரியக் கூடாது. இருபது வருஷம் புரூஃப் பார்த்தும் இந்த வழக்கத்தை நான் இப்படி யோசித்ததில்லை. இந்த வாரம்தான் யோசித்தேன்.

அந்த ஐந்நூறு தாளிலும் இலை அப்படியே இருந்தது.

தாள் ஆலைக்குள் போனது. படிக்கத் தெரிந்த ஒருத்தி படிக்க, தெரியாத பத்துப் பேர் சுற்றி நின்று கேட்டார்களாம், கழிப்பறை வாசலில், தண்ணீர்க் குழாயடியில். ஒரே மாதத்தில் மானேஜர் அறையில் இருந்த சட்டம் வாசலுக்கு வந்தது. அடுத்தவள் படித்துச் சொல்வதை எத்தனை நாள் கேட்பது என்று நாற்பது பெண்கள் சாயங்காலம் எழுத்துக் கற்க உட்கார்ந்தார்கள். இதையெல்லாம் நீ அழகாக எழுதியிருக்கிறாய். நடுவில் நடந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டாய். உனக்குத் தெரியாது. தெரிந்த நான் சொல்லவில்லை.

ஆலை மானேஜர் தாளோடு அச்சகத்துக்கு வந்தார். அப்பா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது நம்மகிட்ட அடிச்சது இல்லையே சார்" என்றார். மானேஜர் அந்த இலை மேல் விரலை வைத்து, "இது என்ன?" என்றார். அப்பா தாளை மேஜை மேல் வைத்தார். பதில் சொன்னது நான். பெருமையாக, குதிகாலைத் தூக்கி எட்டிப் பார்த்து, "அது எங்கம்மாவோட இலை" என்றேன்.

அப்போது அப்பா சொன்னதை நான் இன்று வரை யாரிடமும் சொன்னதில்லை. "வீட்டுப் பொம்பளைங்க சார், விவரம் தெரியாது. நான் ஊர்ல இல்லாத நேரம் பாத்து பண்ணிட்டாங்க. அடையாளத்த எடுக்கக்கூடத் தெரியல பாருங்க, அவ்வளவுதான் அறிவு" என்றார். மானேஜர் சிரித்தார். லேபிள் வேலை தப்பித்தது. எழுத்துக் கோக்கும் அறைக்குள் அம்மா போவது அன்றோடு நின்றது. "இனிமே இந்தப் பக்கம் வராத" என்றார் அப்பா. அம்மாவும் போகவில்லை. முப்பத்தேழு வருஷம், தம்பி. அப்பா இருந்த வரை வாசலோடு நின்று அவருக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டுத் திரும்புவாள்.

பழி வந்த நாளில் அந்தத் தாள் விவரம் தெரியாத ஒரு பொம்பளை செய்தது. பாராட்டு வருகிற நாளில் அது அப்பாவின் தொலைநோக்கு. எப்படி இருக்கிறது? நீ வேண்டுமென்று செய்யவில்லை, தெரியும். அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்த தாளைப் பார்த்து வளர்ந்தவன் நீ. பத்து வருஷம் கழித்து யாரோ மேடையில் புகழ்ந்த பிறகுதான் அவர் அதை மாட்டினார். அதன் இலை மேல் சட்டத்தின் விளிம்பு வருகிற மாதிரி மாட்டினார் என்பதை நீ கவனித்திருக்க முடியாது.

இந்த முறை அந்தத் தாளைச் சட்டத்திலிருந்து எடுத்துத்தான் ஸ்கேன் செய்தோம். பக்கம் வடிவமைக்கிற பெண்ணைக் கூப்பிட்டு இலை எங்கே என்று கேட்டேன். "அதுவா மேடம், மை தெறிச்ச அழுக்குன்னு நினைச்சு துடைச்சுட்டேன். நல்லா சுத்தமா வந்திருக்குல்ல?" என்றாள். அவளிடம் கோபித்து என்ன பயன்? அவளுக்கு யார் சொன்னார்கள்? சித்தப்பாவுக்குத் தெரியும். அவர் அன்று அங்கே நின்றிருந்தார். "நல்ல காரியம் நடக்கிறப்ப பழசைக் கிளறாதம்மா. போனவர் பேரைக் கெடுத்து உனக்கு என்ன வரப்போகுது?" என்கிறார். இருக்கிறவளின் பேர் என்ன ஆனது என்று திருப்பிக் கேட்டேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே போய்விட்டார்.

உன் மேல் இருக்கும் கோபத்தில் பாதி என் மேல் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். உன் கையெழுத்துப் பிரதி நாலு மாதத்துக்கு முன்பே என்னிடம் வந்தது. அப்போதும் அந்த வாக்கியம் இருந்தது. நான் அதில் ஒரு கால்புள்ளியைத் திருத்தினேன். ஒரு பொய்யை எடுத்து, அதற்குக் கால்புள்ளி சரியாகப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். என் வாயால்தான் அம்மா அந்த அறையை இழந்தாள் என்று பத்து வயதிலிருந்து உள்ளே ஒன்று கிடக்கிறது. அதனால்தான் இதைப் பற்றிப் பேசுகிற எந்த இடத்திலும் வாயை மூடிக்கொள்கிறேன் போலிருக்கிறது. இப்போது பார்க்கும்போது, திறந்ததைவிட மூடியதுதான் பெரிய தப்பு.

நேற்று ராத்திரி புரூஃபை வீட்டுக்குக் கொண்டுபோய் அந்த அத்தியாயத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அந்த வாக்கியத்தைத் தாண்டிப் போய்விடலாமா என்று நினைத்தேன். தாண்டவில்லை. முழுவதும் கேட்டாள். "நல்லாத்தான் எழுதியிருக்கான். அப்பா மேல அவனுக்கு ரொம்ப பாசம்" என்றாள். பிறகு படத்தைக் கொடு என்று வாங்கி, புதுக் கண்ணுக்கு மிகக் கிட்டே வைத்து, அடியில் வலது ஓரத்தைத் தேடினாள். விரலால் தடவிப் பார்த்தாள். "இலையை மட்டும் ஏன் எடுத்துட்டான்?" என்றாள்.

இத்தனை வருஷம் கேட்காததை அப்போது கேட்டேன். அன்றைக்கு அவசரத்தில் எடுக்க மறந்துவிட்டாளா என்று. அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "பதிமூணு வருஷம் கோத்திருக்கேன். ஒரு நாளாவது மறந்திருக்கேனா? பிழை இல்லாத பக்கத்துல ஒரு தடவையாவது இருக்கட்டுமேன்னு விட்டேன்" என்றாள்.

தம்பி, உன்னிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அப்பாவைத் திட்டி எழுத வேண்டாம். அவர் அச்சகம் நடத்தினார், எட்டுக் குடும்பத்தைக் காப்பாற்றினார், அதை அப்படியே வை. அந்த ஒரு வாக்கியத்தை எடு. யார் கோத்தது, யார் மிதித்தது, காலடியில் யார் படுத்திருந்தது, மூன்றையும் எழுது. உன் கையால் எழுது. நான் திருத்திச் செருகிவிடலாம், எனக்கு அந்த அதிகாரம் இருக்கிறது. ஆனால் அம்மாவுக்கு அவள் பிள்ளை எழுதியதாக இருக்க வேண்டும். படத்தில் இலையை நான் திருப்பி வைக்கச் சொல்லிவிட்டேன். விழா தள்ளிப்போனாலும் போகட்டும். ஐம்பது வருஷம் காத்திருந்த அச்சகத்துக்கு ஒரு வாரம் பெரிதில்லை.

அம்மாவிடம் நான் உனக்கு எழுதுகிறேன் என்று சொன்னேன். "திட்டி எழுதாத. வெளியூர்ல தனியா இருக்கான்" என்றாள். நீ மனைவி குழந்தையோடு இருக்கிறாய் என்றேன். "இருந்தாலும்" என்றாள். பிறகு எழுந்து போய்த் தன் மூக்குக் கண்ணாடிக் கூட்டைத் திறந்து, துணிக்கு அடியிலிருந்து ஒன்றை எடுத்து வந்தாள். அந்த அறையை விட்டு வந்த அன்றைக்கு முந்தானையில் முடிந்துகொண்டு வந்ததாம். விரல் நகம் அளவு ஈயம். வீட்டில் என் மேஜையில் இருந்த ஸ்டாம்ப் பேடில் அவளே ஒற்றினாள்.

நீ நன்றாக இரு. குழந்தை நோய்நொடி இல்லாமல் வளரட்டும். அம்மாவின் ஆசி எப்போதும் உண்டு, இந்தத் தடவை அதை அவள் சொல்லவில்லை, ஒற்றி வைத்திருக்கிறாள். இந்தத் தாளின் அடியில், வலது ஓரத்தில், நீலமாகத் தெரிவது அழுக்கு இல்லை. துடைத்துவிடாதே.

உன் பதிலுக்காக, கையெழுத்துப் போடாமல் காத்திருக்கும்
அக்கா