பால்கனியில் நின்று நான் போட்ட செய்தி

முதலியார்பேட்டை,
ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து

அன்பு மகள் லினெட்டுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே அப்பாவுக்கும் எனக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, அயர்லாந்துக் குளிரில் நீயும் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் மாதாவிடம் கேட்டுக்கொள்கிறேன். உன் ஆஸ்பத்திரியில் புதிதாகச் சேரப் போகிற கடலூர்ப் பெண் அடுத்த வாரம் கிளம்புகிறாள், அவளிடம் வடகமும் மிளகாய்த்தூளும் கொடுத்து அனுப்புகிறேன், வடகம் இந்த முறை நன்றாகக் காய்ந்திருக்கிறது, ஈரக்கையால் எடுத்துவிடாதே. இந்தக் கடிதத்தையும் அதோடு வைக்கிறேன். வாரம் தவறாமல் வீடியோவில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். சொல்ல வேண்டியதை உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல என்னால் முடியவில்லை, அதுதான் காரணம். போன வாரம்கூட நீ, ஸ்கூட்டிய அப்பப்ப ஸ்டார்ட் பண்ணி வைக்கிறீங்களாம்மா என்று கேட்டாய், நான் ஆமாம் ஆமாம் என்று சொல்லிவிட்டு அடுப்பில் ஏதோ இருப்பதுபோல எழுந்து போனேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. ஸ்கூட்டியும் வீட்டில் இல்லை. சித்தி மகன் ஆனந்த் அதை ஓட்டிக்கொண்டு போய் தெரு மூலையில் பூ விற்கிற நம் அஞ்சலாட்சி அக்காவை இடித்துவிட்டான், இரண்டரை மாதம் ஆகிறது. அக்கா உயிரோடு இருக்கிறார், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து தகடு வைத்தார்கள். ஆனந்துக்குக் கையில் சிராய்ப்புதான். ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அவன் செய்ததைச் சொல்வதற்கு இல்லை, நான் செய்ததைச் சொல்வதற்கு.

நம் தெருவுக்கென்று வாட்ஸ்அப் குரூப் ஒன்று இருப்பது உனக்குத் தெரியும், தண்ணீர் எப்போது வரும், கரண்ட் எப்போது போகும் என்று போடுவதற்காக ஆரம்பித்தது. போன வருஷம் அப்பா ஹெல்மெட் இல்லாமல் போய் மூலையில் போலீசிடம் மாட்டிக்கொண்டு வந்தாரே, அதற்கு மறுநாள் காலையில் நான் பால்கனியில் துணி காயப்போடும்போது அதே இரண்டு போலீஸ்காரர்கள் வேகம் அளக்கிற மெஷினோடு புங்க மரத்து நிழலில் நிற்பதைப் பார்த்தேன். நம் பால்கனியிலிருந்து பார்த்தால் மூலை முழுவதும் தெரியும் அல்லவா. விளையாட்டாக, மூலையில் மாமா நிற்கிறார், மெதுவாகப் போங்கள் என்று குரூப்பில் போட்டேன். அவ்வளவுதான், கைதட்டுகிற பொம்மைகள் வரிசையாக வந்தன. அன்றிலிருந்து அது என் வேலையாகிவிட்டது. டீ போடுவதற்கு முன்னால் பால்கனிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். கடையில் நின்றால் நாலு பேர், இன்ஸ்பெக்டரம்மா வந்துட்டாங்க, வழி விடுங்க என்று கிண்டல் செய்வார்கள், எனக்கு உள்ளூர அது பிடித்திருந்தது. எதிர்வீட்டு நெடுமாறன்தான் ஒரு நாள், யக்கா, அவங்க இல்லன்னாலும் ஒரு வார்த்த போட்டுடுங்க, சும்மா பயந்துகினே போவ வேண்டியிருக்குது என்று எழுதினார். நியாயமாகத்தானே கேட்கிறார் என்று தோன்றியது. மாமா லீவு, பாலம் வரைக்கும் தாராளமா போங்க என்று போட ஆரம்பித்தேன். அந்தத் தாராளமா என்ற வார்த்தையை நானாகத்தான் சேர்த்தேன், யாரும் கேட்கவில்லை. மூலையில் பள்ளிக்கூடம் இருக்கிறது, வேகம் முப்பது என்று எழுதிய பலகை இருக்கிறது, அதன் மேல் யாரோ கட்சி போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள், அதையும் தினமும் பால்கனியிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பி.காம் படித்தவள், பங்குக் கோவில் பெண்கள் கூட்டத்தில் எழுந்து நின்று பேசுகிறவள். முதல் தடவை உன்னிடம் பெருமையாகச் சொன்னபோது நீ சிரிக்கவில்லை. எங்க வார்டுக்கு ரோட்ல அடிபட்டு வர்றவங்கள ஒரு நாள் பாத்தீங்கன்னா இப்படிப் பேச மாட்டீங்கம்மா என்றாய். நான் உடனே பக்கத்து வீட்டு மேனகா மகள் கல்யாணப் பேச்சை எடுத்துவிட்டேன். உனக்கு நினைவிருக்காது, எனக்கு இருக்கிறது.

அன்று திங்கட்கிழமை. ஆனந்துக்கு டவுனில் மொபைல் கடையில் வேலை கிடைத்ததும், சும்மா நிற்கிற வண்டிதானே என்று உன் ஸ்கூட்டியை நான்தான் எடுத்துப் போகச் சொன்னேன், உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. அன்றைக்குக் காலையில் மரத்தடியில் போலீஸ் இல்லை. பார்த்தேன், போட்டேன், உள்ளே வந்து சட்னிக்குத் தேங்காய் துருவ உட்கார்ந்தேன். தேங்காய் பாதிகூட முடியவில்லை, மூலையில் ஒரு சத்தம், பிறகு ஒரே கூச்சல். மேனகா கீழேயிருந்து, மேரியக்கா, ஒங்க ஆனந்து யாரையோ இடிச்சிட்டான், ஓடியாங்க என்று கத்தினாள். லினெட், இனி எழுதுவதுதான் எனக்குக் கஷ்டம். நான் யாரை என்று கேட்கவில்லை. ஆனந்துக்கு என்ன ஆச்சு என்றும் கேட்கவில்லை. மேசையில் இருந்த போனை எடுத்து, காலையில் போட்ட செய்தியை எல்லோருக்கும் அழிந்துபோகிற மாதிரி அழித்தேன். யாரும் சொல்லாமல், யோசிக்கக்கூட இல்லாமல் என் கை அதைத்தான் முதலில் செய்தது. அதற்குப் பிறகுதான் செருப்பு மாட்டினேன். கீழே போனபோது அஞ்சலாட்சி அக்கா ரோட்டில் கிடந்தார், ஒரு கால் பார்க்கக் கூடாத விதமாகத் திரும்பி இருந்தது, அவர், என் செருப்பு ஒண்ணு எங்கேயோ போச்சு, பாருங்கம்மா, புதுசு, என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். பூச்சரங்களை யாரும் மிதித்துவிடக் கூடாது என்று மேனகா புடவைத் தலைப்பில் வாரிக்கொண்டிருந்தாள். ஆனந்த் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து என்னையே பார்த்தான். அவன் பையில் போன் இருந்தது, அதில் என் செய்தி இருந்த இடத்தில் அழிக்கப்பட்டது என்ற வரி மட்டும் இருந்திருக்கும்.

ஸ்டேஷனில் நானும் அப்பாவும் அவன் பக்கத்தில் நின்றோம். ஏன்டா, ஸ்கூல் இருக்கிற ரோட்ல என்னடா அவ்ளோ வேகம், காலைலயே பறக்கறியா என்று ஏட்டு கேட்டார். லேட்டாயிடிச்சி சார் என்றான் ஆனந்த், தலையைத் தூக்கவில்லை. மறுபடி மறுபடி கேட்டார்கள், அதையேதான் சொன்னான். பெரியம்மா போட்ட மெசேஜைப் பார்த்துத்தான் வண்டியை முறுக்கினேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அங்கேயே தலை குனிந்து ஒப்புக்கொண்டிருப்பேன் என்று இப்போது நினைக்கிறேன், ஆனால் அப்போது அவன் சொல்லிவிடக் கூடாதே என்று ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். திரும்பி வரும்போது அப்பா, குரூப்பு கிரூப்புன்னு எவன்கிட்டயும் வாயத் திறக்காத, ஒன்னால ஒண்ணும் ஆகல என்றார். எனக்காகத்தான் சொன்னார், அவர் மேல் வருத்தப்படாதே. கேஸ் நடக்கிறது, சித்தப்பா அலைந்துகொண்டிருக்கிறார், வண்டியை ஸ்டேஷனிலிருந்து விட்டுவிட்டார்கள், முன்பக்கம் நசுங்கி சித்தி வீட்டு வாசலில் நிற்கிறது, சரிபண்ணவும் யாருக்கும் மனசு வரவில்லை, விற்கவும் வரவில்லை. உன் வண்டி, நீ சொல்வதுபோலச் செய்கிறோம்.

அக்கா ஆஸ்பத்திரியில் இருந்தவரை நான் தினமும் ரசம் சாதம் எடுத்துக்கொண்டு கோரிமேட்டுக்கு பஸ்ஸில் போனேன். அவர் மகள் தனக்கொடி ராத்திரி கூடவே இருந்துவிட்டுக் காலையில் வேலைக்குப் போவாள், பகலில் நான். வார்டில் பக்கத்துக் கட்டில்காரர்கள்கூட, இடிச்ச பையனோட பெரியம்மாவாம், இந்தக் காலத்துல யாருங்க இப்பிடி வந்து பாக்கறாங்க என்று என் காதுபடப் பேசினார்கள். தனக்கொடி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வீட்டுக்கு வந்து அந்தக் கையை நெடுநேரம் கழுவினேன். ஒரு நாள் அக்கா நல்ல மனநிலையில் இருந்தார், தானாகவே பேச்சை எடுத்தார். போலீசு நின்னா எனக்கு கொண்டாட்டம்மா, வண்டிங்கெல்லாம் பூனை மாரி வரும், நான் மகாராணி கணக்கா நடு ரோட்ல நடந்து போயி டீ குடிச்சிட்டு வருவேன், அன்னிக்கி அவனுங்களக் காணோம், டீ ஆசை மட்டும் வுடல என்று சிரித்தார். நானும் கூடச் சிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. ஒரே மரத்தடியைத்தான் நாங்கள் இருவரும் தினமும் காலையில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம், அவர் கீழேயிருந்து, நான் மேலேயிருந்து. அப்போதுதான் சொன்னேன். குரூப்பை, தாராளமா போங்க என்றதை, அழித்ததை, எல்லாவற்றையும். அவர் திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவர், அந்த குரூப்ல இருக்கறவங்கெல்லாம் எங்கிட்ட பூ வாங்கறவங்கதானேம்மா என்று கேட்டார். ஆமாம் என்றேன். எனக்கும் போனு இருக்குது, டச்சு போனு, எம்பொண்ணு வாங்கிக் குடுத்தது, என்ன யாரும் சேக்கலியே என்றார். அவருக்கு இந்தத் தெருவில் வீடு இல்லை, அதனால் சேர்க்கவில்லை. இத்தனை வருஷமாக விடிந்தால் அவர் முகத்தில்தான் விழித்திருக்கிறோம், கோவிலில் நீ முதல் நன்மை வாங்கிய அன்று தலை நிறையப் பூ வைத்து அனுப்பியவர் அவர், ஆனாலும் எங்கள் யாருக்கும் அது தோன்றவே இல்லை. அன்று ரசம் சாதத்தை அவர் தொடவில்லை, பசிக்கலம்மா, எடுத்துக்கினு போ என்றார். அந்த டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன்.

அப்பா வேண்டாம் என்று சொல்லியும் அன்று சாயங்காலமே குரூப்பில் எழுதிவிட்டேன். எதையும் ஒளிக்கவில்லை, அழித்த செய்தி என்ன என்பதையும் எழுதினேன். நெடுமாறன், யக்கா, வண்டிய ஓட்டினவன் பாத்து ஓட்டணும், அதுக்கு நீங்க இன்னா பண்ணுவீங்க என்று போட்டார், அதற்கு நிறைய பேர் கட்டைவிரல் தூக்கினார்கள். மறுநாள் அவரே போலீஸ் இருக்கிற இடம் சொல்ல வேறொரு குரூப் ஆரம்பித்துவிட்டார், பாதிப் பேர் அதில் இருக்கிறார்கள். மேனகா, இப்பிடி எழுதி வெச்சா நாளைக்கி போலீஸ்காரன் ஒங்களத்தான் தேடி வருவான், எதுக்கு ஒங்களுக்கு இந்த வேல என்று கடிந்துகொண்டாள், ஆனால் அவளும் நெடுமாறன் குரூப்பில் சேரவில்லை என்று பிறகு தெரிந்தது. ஆனந்திடம் போய், என்னால்தான் என்று சொன்னேன். இல்ல பெரியம்மா, நீங்க போடாத நாளும் நான் அப்படித்தான் போவேன் என்றான். எனக்கு ஆறுதலாகச் சொன்னானா, உண்மையைச் சொன்னானா தெரியவில்லை, இரண்டுமே எனக்கு ஆறுதல் இல்லை.

போன புதன்கிழமை அஞ்சலாட்சி அக்கா மறுபடி மூலைக்கு வந்துவிட்டார். தரையில் உட்கார முடியாது என்பதால் தனக்கொடி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருக்கிறாள், பக்கத்தில் வாக்கர். பெரிய மார்க்கெட்டுக்குப் போய்ப் பூ எடுத்து வருவதும் இப்போது அவள்தான். நான் கீழே போய், அக்கா, ஒங்க நம்பர தெரு குரூப்ல சேக்கட்டுமா என்று கேட்டேன். சேத்துக்க என்றார், என்னைப் பார்க்காமல் பூக் கட்டிக்கொண்டே. சேர்த்தேன். நம்ம தெருவே இல்லையே என்று ஒருவர் கேட்டார். மறுநாள் காலையில் வழக்கம்போல எனக்குக் கால் தானாகவே பால்கனிக்குப் போனது, அப்போது போன் சத்தம் போட்டது. அக்காவின் குரல், பின்னால் பஸ் ஹாரனோடு. நாந்தான் அஞ்சலாட்சி, மூலைல ஒக்காந்துட்டேன், இப்ப டீக்கடைக்குப் போவப் போறேன், பாத்து வாங்க. அவ்வளவுதான். யாரும் பதில் போடவில்லை. நான் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் வாக்கரைத் தூக்கித் தூக்கி வைத்து ரோட்டைக் கடந்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு கார் நின்றது. ஒரு பைக் நிற்கவில்லை, வளைந்து போனது. தினமும் அதே நேரத்துக்கு அந்தக் குரல் வருகிறது.

இன்று காலை பூசைக்குப் போகும்போது மாதாவுக்கென்று அவரிடம் இரண்டு முழம் மல்லி கேட்டேன். உனக்குத் தெரியுமே, அவர் முழங்கையில் அளந்து முடித்ததும், இது பாப்பாவுக்கு என்று உன் பெயரைச் சொல்லி இன்னும் ஒரு சாண் விட்டுத்தான் கிள்ளுவார், நீ அயர்லாந்துக்குப் போன பிறகும் அந்தக் கொசுறு நிற்கவில்லை. இன்று இரண்டு முழம் அளந்தார், அளந்த இடத்திலேயே கிள்ளினார், இலையில் சுற்றிக் கொடுத்தார். முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை. நான் வாங்கிக்கொண்டேன்.

கண்ணு, இதைப் படித்ததும் உடனே கூப்பிடாதே, ஒரு நாள் விட்டுக் கூப்பிடு, அப்போது நான் எழுந்து போக மாட்டேன். அதற்கு முன்னால் ஆனந்துக்கு ஒரு போன் செய், வண்டியைப் பற்றிப் பேசாதே, சாப்பிட்டானா என்று மட்டும் கேள், அவன் வீட்டை விட்டு வெளியே போவதே குறைந்துவிட்டது. நீ ரோட்டைக் கடக்கும்போது காதில் பாட்டு வைத்துக்கொள்ளாதே. நம் ஊரைவிட அங்கே ஒழுங்காக ஓட்டுவார்கள்தான், ஆனாலும் வைக்காதே. மாதாவும் காவல் சம்மனசுகளும் உன் போக்குவரத்தில் கூடவே இருக்கட்டும். அப்பா உன் நெற்றியில் சிலுவை போட்டதாக எழுதச் சொன்னார்.

வெட்கத்தோடும் குறையாத அன்போடும்,
உன் அம்மா
அந்தோணிமேரி