சத்வா வாசலில் ஊற்றிய தண்ணீர்

அன்புள்ள பாய்,

இன்று காலை, வளைகுடாவில் நாம் வேலை பார்த்த சத்வாத் தெருவில், என் மகளுக்குத் தைத்த சட்டையைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தபோது எதிர்க் கடைத் தந்தூரிலிருந்து ரொட்டி வேகும் வாசனை வந்தது. சட்டையை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தேன். அந்தத் தந்தூரின் முன்னால் இப்போது உங்கள் தம்பி, சித்தப்பா மகன், நிற்கிறார். முதுகைப் பார்த்தால் நீங்களேதான்.

சட்டையில் ஒரு சாண் உள்மடிப்பு விட்டிருக்கிறேன். அதைப் பழக்கியதும் நீங்கள்தான். உங்கள் மூத்தவளுக்குச் சட்டை தைக்கச் சொல்லி வந்த அன்று, "என்ன அளவு பாய்?" என்று கேட்டேன். மாவு படிந்த கையை இடுப்பருகே வைத்தீர்கள், நெஞ்சுக்கு உயர்த்தினீர்கள், மறுபடி இறக்கினீர்கள். வருடக்கணக்காகக் காணாத பிள்ளையின் உயரம் எந்தத் தகப்பனுக்குத் தெரியும்? "நீட்டமாத் தைச்சு உள்ளுக்கை மடிச்சு விடுறன். வளர வளர அவிழ்க்கட்டும்," என்றேன். அன்றிலிருந்து என் தையல்கடை வாங்குப் பலகையில் ஓர் இடம் உங்களுக்குச் சொந்தமாகிவிட்டது. நம் இருவரின் இந்தியும் நொண்டிதான். ஆனாலும் புரியாமல் போனது எதுவுமில்லை.

சண்டை முடிந்துவிட்டது என்று தொலைக்காட்சி சொன்னதை நம்பி, எல்லைக்கு அப்பால் குவெட்டாவில் அகதிகளாயிருந்த மனைவியையும் இரண்டு பெண்பிள்ளைகளையும் நீங்களே ஆப்கானிஸ்தானுக்கு, ஊருக்குத் திரும்பச் சொன்னீர்கள். அங்கே கிணறு வற்றியிருந்தது. பள்ளிக்கூடத்துக்கு யாரோ தீ வைத்தார்கள். றோட்டில் பஸ்ஸை மறித்து ஆட்களை இறக்கினார்கள். பிறகு, மாதம் ஒருமுறை கடைத்தெருவிலிருந்து வரும் தொலைபேசியும் நின்றது. அந்த நேரம் பார்த்துத்தான் ஈராக்கில் குண்டு விழத் தொடங்கியது.

பக்கத்தில் ஹம்சாக்காவின் தேநீர்க்கடை. வேலை முடிந்ததும் அங்குள்ள தொலைக்காட்சியின் முன் போய் நிற்பீர்கள்.

"வேற சேனல் போடு ஹம்சாக்கா."

"எல்லாத்திலும் பாக்தாத்தானே பாய். உங்க நாட்டில யுத்தம் தீர்ந்து போயல்லோ!"

"யார் தீர்த்தது? எனக்கு யாரும் சொல்லலையே!" என்று சத்தம் போட்டீர்கள். ஹம்சாக்கா பாவம், கேரளத்துக்காரர், வாய்தவறிச் சொல்லிவிட்டார். ஆனால் அவர் சொன்னதைத்தானே உலகமே சொல்லிக்கொண்டிருந்தது.

அதன்பிறகு ஆங்கிலப் பேப்பரோடு என்னிடம் வருவீர்கள். ஈராக், ஈராக், ஈராக். ஒருநாள் உள்பக்கத்தில் நாலு வரி: தெற்கு ஆப்கானிஸ்தானில் பஸ் மறிக்கப்பட்டது, சிலர் பலி.

"எந்த ஊர் மாஸ்டர்?"

"ஊர்ப்பேர் போடேல்லை பாய்."

"நல்லாப் பார்."

"பாத்திட்டன். போடேல்லை."

மறுபடி படிக்கச் சொன்னீர்கள். மறுபடியும் படித்தேன். எனக்கு எரிச்சல் பொங்கியது, உங்கள் மேல் அல்ல. நான் யாழ்ப்பாணத்தான். எங்களுடைய செத்தவர்களையும் 'வடக்கில் சிலர்' என்றுதான் இந்தப் பேப்பர்கள் எழுதும்.

விசா கொடுத்த அரபு முதலாளி, அந்தக் கஃபீலின் காலைப் பிடித்துப் பாஸ்போர்ட்டை வாங்கினீர்கள். "றோட்டுச் சரியில்லையெண்டு நீங்கள்தானே சொல்லுறியள். போகாதைங்கோ," என்று மன்றாடினேன். "நான்தான் அவங்களை அங்க அனுப்பினேன். நான்தான் கூட்டி வரணும்," என்றீர்கள்.

டாக்சியில் ஏறப்போனவர் திரும்பினீர்கள். "மாஸ்டர், ஒரு கிளாஸ் தண்ணி எடு. வண்டி நகர்ந்ததும் பின்னால ஊத்து. வீடாயிருந்தா என் மனைவி ஊத்துவா."

"என்ன கதை கதைக்கிறியள்! எங்கடை ஊரிலை சவம் எடுத்தாப் பிறகுதான் தண்ணி ஊத்தி வாசல் கழுவுறது. நான் மாட்டன்."

பல வாரங்களுக்குப் பிறகு அப்போதுதான் சிரித்தீர்கள். "எங்க ஊர்ல, போறவன் திரும்பி வரணும்னு ஊத்துவாங்க. யல்லா, ஊத்து."

ஊற்றினேன். அவசரத்தில் பாதி என் காலில் விழுந்தது. டாக்சி முடக்கில் திரும்புமுன்பே சத்வா வெயில் மிச்சத்தைக் குடித்துவிட்டது.

பிறகு எத்தனையோ நாள் உங்கள் தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மத்தியானம் அவர் ரொட்டி சுடும் கம்பியைக் கீழே வைத்துவிட்டு என் கடைக்குள் வந்தார். நீங்கள் ஊர் போய்ச் சேர்ந்தீர்களாம். குவெட்டாவுக்குத் திரும்பும் வான் வண்டியில் ஓரிடமும் மிச்சமில்லையென்று மனைவி பிள்ளைகளை மட்டும் ஏற்றிவிட்டு, பின்னால் லொறியில் வந்தீர்களாம். வான் தப்பிவிட்டது. லொறி கண்ணிவெடியில் அகப்பட்டது. மறுநாள் பேப்பரை ஒரு வரி விடாமல் படித்தேன். பாக்தாத் வானிலைகூட இருந்தது. அந்த லொறியைப் பற்றி எதுவும் இல்லை. பேப்பரைக் கிழித்துப் போட்டுவிட்டு அழுதேன், பாய்.

அது நடந்து மூன்று வருடம். இப்போது எங்கள் ஊரிலும் மறுபடி சண்டை; யாழ்ப்பாணப் பாதையையும் மூடிவிட்டார்கள். என் மனைவியின் தொலைபேசி வந்து வாரங்களாகிவிட்டன. சமாதானம் வந்துவிட்டதென்று நம்பி, அவர்களைக் கொழும்பிலிருந்து ஊருக்குப் போகச் சொன்னதும் நான்தான். கொழும்புக்கு விமானம் இருக்கிறது. அதற்கப்பால் கப்பலோ என்னவோ, போய்த்தான் பார்க்க வேண்டும்.

போன வாரம் உங்கள் தம்பி ஒன்று சொன்னார். குவெட்டாவில் உங்கள் மூத்தவளுக்கு மடிப்பை முழுக்க அவிழ்த்தும் நான் தைத்த அந்தச் சட்டை எட்டவில்லையாம். இப்போது இளையவள் போட்டுக்கொள்கிறாளாம்.

விமான நிலையத்திலிருந்து எழுதுகிறேன். டாக்சியில் ஏறும்போது ஹம்சாக்கா தேநீர்க் கிளாஸில் தண்ணீரோடு வாசலில் நின்றார். அன்று உங்களுக்கு நான் ஊற்றியதைப் பார்த்தவர் அவர். கேட்கப் பயந்தவர்போல், "ஊத்தட்டுமா மாஸ்டரே?" என்றார்.

அந்தத் தண்ணீர் உங்களைத் திருப்பிக் கொண்டுவரவில்லை. ஆனால் பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். எனக்கு அவ்வளவு கிடைத்தாலும் போதும், பாய்.

"ஊத்துங்கோ," என்றேன்.