மஞ்சள் பெட்டி இல்லாத பக்கம்

14 யூலை, திங்கள்
குளிர்கால மழை. கிளேட்டன் ரயில் வழக்கம்போல் பிந்தியது. எங்கள் மென்பொருளின் கையேடு முழுவதையும் பழைய வடிவத்திலிருந்து மார்க்டவுன் என்ற புது வடிவத்துக்கு மாற்ற வேண்டும், வெள்ளிக்குள். மாற்றுவது ஸ்கிரிப்ட் என்ற சின்ன நிரல், காவல் நான். மேனேஜர் பிரட்டுக்குச் சிவப்பில் பிழை வராவிட்டால் போதும். உள்ளே என்ன இருக்கிறதென்பது அவருக்கு வேண்டாத வேலை.

பக்கத்து மேசைச் சுதன்: "கெதியா முடியுங்கோ அக்கா. பழசில தேடினா ஒண்டும் கிடைக்காது." சேர்ந்து கொஞ்ச நாள்தான். என்னைப்போலவே கம்பனி விசா, வேலை போனால் விசாவும் போகும். மனைவி கர்ப்பிணி.

15, செவ்வாய்
அட்டவணைகள் சரி. படங்கள் சரி. மஞ்சள் எச்சரிக்கைப் பெட்டி ஒன்றுகூட இல்லை! அந்தப் பெட்டிக்கான குறி எங்கள் ஆட்கள் தாங்களே உண்டாக்கியது, ஸ்கிரிப்டுக்குத் தெரியாது. தெரியாததைச் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டு, பிழை என்றும் சொல்லாது.

பிரட்டிடம் சொன்னேன். "முதலில் வெளியிடுவோம், பெட்டிகளைப் பிறகு பார்க்கலாம்." சரி என்றேன். எரிச்சல். பெட்டிகளைக் கையால் போடத் தொடங்கினேன்.

வாங்க: தேங்காய்ப்பால், பல்ப், இருமல் மருந்து.

18, வெள்ளி
இணையத்தில் ஏற்றியாயிற்று, யாரும் பார்க்கலாம். பிழை பூச்சியம். பிரட் கேக் வெட்டினார். பழைய கையேடு மூடியாயிற்று. பாதிப் பெட்டிகள் பாக்கி, அடுத்த வாரம் போடலாம். கேக் நன்றாகத்தான் இருந்தது.

20, ஞாயிறு
கடுங்குளிர். சுதனின் போன். இந்த வார இறுதி அவசர அழைப்புகளைப் பார்ப்பது அவன் முறை. எங்கள் மென்பொருளைப் பாவிக்கும் ஒரு கிளினிக்கின் சேர்வர் நிரம்பிவிட்டதாம், கையேட்டைப் பார்த்துப் பழைய கோப்புகளை அழித்திருக்கிறான்.

"நீங்கள் போட்டபடி ஒவ்வொண்டாச் செய்தனான் அக்கா. நோயாளியளின்ர பதிவெல்லாம் போயிட்டுது."

"பக்அப் எடுக்கேல்லையா?"

"அதில பக்அப் எண்டு ஒண்டும் இல்லையே."

பழைய கையேட்டில் இருந்தது. அந்தப் படிக்கு மேலே, மஞ்சளில்: பிரதி எடுக்காமல் அழிக்க வேண்டாம். நான் போடாத பாதியில் அது. அவனிடம் அதைச் சொல்லாமலே போனை வைத்தேன்.

22, செவ்வாய்
கூட்டம். மூடிய பழைய கையேட்டைப் பிரட் திரையில் திறந்து பெட்டியைக் காட்டினார். "எச்சரிக்கை தெளிவாகவே இருக்கிறது." எந்தக் கையேடு என்று ஒருவரும் கேட்கவில்லை. என்னைப் பார்த்தார். தலையாட்டினேன். சுதன் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டான், தான் கவனிக்கவில்லையாம்.

மத்தியானம் அவனுடைய அலுவலக அட்டையை வாங்கி, வேலையால் நிறுத்தி அனுப்பிவிட்டார்கள். பிறகு பிரட் என் மேசைக்கு வந்து, மெல்ல: "மிச்சப் பெட்டிகளை இன்றைக்கே போட்டுவிடு."

போட்டேன். அந்தப் பக்கத்தில்தான் முதலில். விசாவை நினைத்தேன், வேறொன்றும் நினைக்கவில்லை. கோழை.

23, புதன்
நல்ல வெயில். ரயிலில் சுதனின் மெசேஜ்:

"அக்கா, வீட்டில இருந்து திரும்பவும் அந்தப் பக்கத்தைப் பாத்தனான். மஞ்சள் பெட்டி பெரிசா இருக்குத்தான். என்ர கண்ணுக்கு என்ன வந்ததோ தெரியேல்லை. அண்டைக்குப் போனில உங்களில பிழை சொன்னதைக் குறை நினையாதேங்கோ."