கூரையைக் கூட்டாத மனுசன்

ரூஜ், ஸ்காபரோ
தை மாதம், புதன்கிழமை

அன்புள்ள மகன் திலக்சனுக்கு,

அம்மா எழுதிறன். அந்த வெயில் நகரம் பேர்த்தில நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, நோய் நொடி இல்லாமல் இருக்கிறாய் எண்டு நம்பிக்கொண்டு இதைத் தொடங்கிறன். இஞ்ச நாங்கள் மூண்டு பேரும் சுகம். அதில ஒராளின்ர சுகம் பிள்ளையார் பாத்துத் தந்தது, அந்தக் கதையைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஏன் அம்மா போன் எடுக்காமல் கடிதம் எழுதிறா எண்டு யோசிப்பாய். போனில உன்னோட கதைக்கத் தொடங்கினால் உன்ர அப்பா ஸ்பீக்கரில போடு எண்டு பக்கத்தில வந்து குந்திவிடுவார், மெசேஜ் போட்டால் என்ர போனை எடுத்துத் தன்ர கண்ணாடியைத் தேடி வாசிப்பார். அதுதான் வேலையில சாப்பாட்டு நேரம் இருந்து எழுதிறன். உனக்குத் தமிழ் வாசிக்க ஏலாது எண்டு மட்டும் சொல்லிப்போடாதை, பத்து வருசமாச் சனிக்கிழமைச் சனிக்கிழமை உன்னைத் தமிழ் வகுப்புக்கு ஏத்தி இறக்கினது நான்.

தங்கச்சி நிலாணியின்ர கலியாணப் பதிவு எழுத்து நல்லபடியா முடிஞ்சுது, படம் எல்லாம் பாத்திருப்பாய். மிசிசாகாவில மாப்பிள்ளை வீட்டில வச்சு நடந்தது. விதுஷன் தங்கமான பொடியன், தகப்பன் இராஜரட்ணமும் மரியாதை தெரிஞ்ச மனுசன். ஊரில தைச்சு வந்த பிளவுஸ் இவளுக்கு இறுக்கம், மூச்சை அடக்கிக்கொண்டுதான் கையெழுத்து வச்சவள். படத்தில அவள் நெத்தியில ஒரு பக்கம் தலைமயிரை இழுத்து விட்டிருக்கிறாளே, அது ஸ்ரைல் எண்டு நீயும் எழுதியிருந்தாய். அது ஸ்ரைல் இல்லை, ராசா. அதுக்குக் கீழ காயம்.

நடந்ததைச் சொல்லுறன், பதறாமல் வாசி. எழுத்துக்கு முதல் நாள் இரவு ஸ்னோ கொட்டி, அதுக்கு மேல மழை பெஞ்சு, எல்லாம் சேந்து இறுகிப்போய்க் கிடந்தது. சனிக்கிழமை ஒன்பது மணிக்கு ராகு காலம் தொடங்குது, அதுக்கு முதல் வாசலைத் தாண்ட வேணும் எண்டு உன்ர அப்பா விடியத் தொடக்கம் வீட்டை ரெண்டாக்கினார். தட்டங்கள், பலகாரம், பூ எல்லாம் எங்கட வான் வண்டியில. பொம்பிளை புதுக் காரில போகவேணும் எண்டு நிலாணி முன்வீட்டுச் செல்வரட்ணம் அங்கிளின்ர காரில. அங்கிள் நேரத்துக்கு எழும்பித் தன்ர காரைக் கூரை, பொனற், லைற், நம்பர் பிளேற் வரைக்கும் துடைச்சுப்போட்டு நிண்டவர். எங்கட வான் சீலை போத்த பெட்டி மாதிரி நிண்டது. அப்பா வைப்பரை ரெண்டுதரம் அடிச்சு, தன்ர முகத்துக்கு நேர ஒரு சோத்துக் கோப்பை அளவுக்குத் துடைச்சார். எனக்குப் பக்கத்தில இருக்கிற சைட் கண்ணாடியைக் கையால ஒருக்காத் தட்டினார். அவ்வளவும்தான். பின் கண்ணாடி அப்பிடியே, கூரையில அரை அடி. அங்கிள், அண்ணை, கூரையில ஐஸ் கிடக்குது எண்டு சொன்னார். அப்பா சொன்ன பதில் உனக்குத் தெரியும், நீ சின்னனில இருந்து கேட்டதுதான். ஓட ஓடக் காத்துக் கொண்டுபோடுமாம். சரி, வாசலைத் தாண்டினாப் பிறகு றோட்டில ஒருக்கா நிப்பாட்டித் துடையுங்கோவன் எண்டு நான் சொன்னன். நல்ல காரியத்துக்கு வெளிக்கிட்டாப் பிறகு இடையில நிக்கக் கூடாதாம். ராகு காலம் பாத்த மனுசன் கூரையைப் பாக்கேல்லை.

நாலு-பூச்சியம்-ஒண்டு ஹைவேயில ஏறினம். வழி தனக்குத்தான் தெரியும் எண்டு அப்பா முன்னுக்கு, அங்கிளின்ர கார் பின்னுக்கு. எனக்குத் தலைக்கு மேல கறகற எண்டு சத்தம் கேட்டது. ஒரு கதவு அளவு ஐஸ் தகடு எழும்பிப் பின்னுக்குப் பறந்ததைச் சைட் கண்ணாடியில கண்டன். பிறகு பாத்தால் அங்கிளின்ர காரைக் காணேல்லை. ஐயோ நிப்பாட்டுங்கோ எண்டு கத்தினன், அவர் கோப்பி வாங்க இறங்கியிருப்பார் எண்டிட்டு அப்பா ஓடினபடி. அப்பாவுக்கு ஒண்டும் தெரியாது. தெரியிறதுக்குப் பின் கண்ணாடி மூடியெல்லோ கிடந்தது. நிலாணிக்குப் போன் அடிச்சன். அவள் எடுத்து, ஒண்டும் இல்லை அம்மா, ஒரு லொறியில இருந்து ஐஸ் விழுந்து கண்ணாடி உடைஞ்சிட்டுது, நாங்கள் ஓரத்தில நிக்கிறம், டாக்ஸி பிடிச்சு வாறம் எண்டு ஆறுதலாச் சொன்னாள். என்ர போன் வானோட தொடுத்துக் கிடந்தது, அவள் சொன்னது முழுக்க அப்பாவுக்கும் கேட்டது. லொறி எண்டு அவள் ஏன் சொன்னவள் எண்டு எனக்கு அந்தக் கணமே விளங்கீட்டுது. அந்த இடத்தில எங்களுக்குப் பின்னாலயும் முன்னாலயும் லொறி எண்டு ஒண்டும் இல்லை.

அவள் முன் சீற்றில இருந்திருக்கிறாள், தம்பி. பின்னால இருந்தால் சீலை கசங்குமாம். தகடு விழுந்தது சரியா அவளின்ர பக்கம். கண்ணாடி வெடிச்சு உள்ளுக்குப் பள்ளமாப் போய், தூள் தூளா அவளின்ர மடியில, தலையில, பூவில. ஒரு துண்டு புருவத்துக்கு மேல கீறினது. இன்னும் ஒரு விரல் கீழ எண்டால் கண். அங்கிள் ஸ்ரியறிங்கை விடாமல் பிடிச்சு ஓரங்கட்டினபடியால்தான் எனக்கு இண்டைக்குப் பிள்ளை இருக்கு.

பிறகு நடந்ததைக் கேள். மாப்பிள்ளை வீட்டில எல்லாரும் இருக்க, வடையும் தேத்தண்ணியும் குடுக்க, உன்ர அப்பா எழும்பி நிண்டு ஒரு பிரசங்கம் வச்சார். வாகனத்தைக் கொண்டு றோட்டுக்கு ஏறுறவனுக்குப் பொறுப்பு எண்டு ஒண்டு வேணுமாம். பின்னால வாறவனும் ஒரு வீட்டுப் பிள்ளை எண்ட நினைப்பு வேணுமாம். ஸ்னோவைத் துடைக்காமல் ஓடுற லொறிக்காரரைப் பிடிச்சு உள்ளுக்குப் போடவேணுமாம். எல்லாம் நியாயமான கதைதான், நானே கை தட்டியிருப்பன். செல்வரட்ணம் அங்கிள் ஓமண்ணை ஓமண்ணை எண்டு வடையைச் சப்பிக்கொண்டு இருந்தார். சம்மந்தி இராஜரட்ணம் தலையை ஆட்டிக்கொண்டு நிலத்தைப் பாத்தார், அவருக்கும் விதுஷன் சொல்லியிருப்பான். அந்த வீட்டில விசயம் தெரியாத ஆள் பேசிக்கொண்டு நிண்ட ஆள் மட்டும்தான். அதோடயும் விட்டாரோ, திங்கக்கிழமை தமிழ் ரேடியோவில காலமை நிகழ்ச்சிக்குப் போன் எடுத்து, ஸ்காபரோவில இருந்து சண்முகநாதன் பேசுறன் எண்டு திரும்ப அதே கதை. அறிவிப்பாளர் நன்றி ஐயா, மிகவும் பயனுள்ள கருத்து எண்டு சொன்னார்.

நிலாணி என்ர கையைப் பிடிச்சுக் கெஞ்சினவள், கலியாணம் முடியுமட்டும் அப்பாவுக்குச் சொல்லாதேங்கோ எண்டு. தெரிஞ்சால் மனுசன் இடிஞ்சுபோவார், மணவறையில சிரிச்சுக்கொண்டு நிக்க மாட்டார் எண்டு அழுதாள். அங்கிளும் அதுதான் சொல்லுறார். எனக்கும் அது விளங்குது. ஆனால் இஞ்ச ஒண்டுவிட்ட ஒரு நாள் கொட்டுது, இவர் ஒவ்வொரு நாளும் அந்தச் சுமையோட பின்னேர வேலைக்குப் போறார், ஒவ்வொரு நாளும் இவருக்குப் பின்னால ஆரோ பெத்த பிள்ளை வருது. நீண்ட பிடி வச்ச பிறஷ் ஒண்டு வாங்கிக் குடுத்தன், அதால கராஜில மூலைக்கு மூலை சிலந்தி வலை அடிக்கிறார். நான் சொல்லிக் கேக்கிற வயசை அவர் தாண்டீட்டார். நீ சொன்னால்தான் கேப்பார். உண்மையைச் சொல்ல வேண்டாம், பொலிஸ் பிடிச்சு ரிக்கெற் குடுக்குதாம் எண்டு எங்கயோ வாசிச்ச மாதிரி நீ போனில சொல்லு. மாசியில கலியாணத்துக்கு மார்க்கம் மண்டபத்துக்கும் தான்தான் முன்னுக்கு ஓடுவன் எண்டு நிக்கிறார். அண்டைக்கும் என்ர பிள்ளை அவருக்குப் பின்னாலதான் வரப்போறாள்.

மணி அடிச்சுப்போட்டுது, மிச்சம் பிறகு எழுதிறன்.

சனிக்கிழமை

தம்பி, மேல நான் கேட்டதை விட்டிடு. நீ ஒண்டும் சொல்ல வேண்டாம், நான் சொல்லிப்போட்டன். நேற்று வெள்ளிக்கிழமை, எனக்கு லீவு. ஐயரிட்டைக் கலியாணச் சாமான் கேட்டு எழுதப் போக வேணும், வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம். இரவு திரும்பவும் கொட்டி இறுகியிருந்தது. நான் சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு வாறதுக்கிடையில இவர் வானுக்குள்ள ஏறி, அதே சோத்துக் கோப்பை ஓட்டையால பாத்துக்கொண்டு ஹோர்ன் அடிக்கிறார். கூரையில அதே தகடு. எனக்கு விசர் பிடிச்சது போல வந்துது. கூட்டாமல் இந்த வான் அசையாது எண்டு போய் வானுக்குப் பின்னால நிண்டன். பின் கண்ணாடி மூடிக் கிடந்தபடியால் நான் நிக்கிறது அவருக்குத் தெரியேல்லை. றிவேர்ஸ் லைற் பத்தினது. அப்பதான் மறியல் செய்ய இது சரியான இடமில்லை எண்டு விளங்கி முன்னுக்கு ஓடிவந்து பொனற்றில ரெண்டு கையாலும் அடிச்சன்.

அவர் கண்ணாடியை இறக்கி, என்னப்பா உனக்கு, நேரம் போகுது எண்டு ஏசினார். நான் சொன்னன். லொறியும் இல்லை கிறியும் இல்லை, அங்கிளின்ர காரை உடைச்சது உங்கட கூரையில கிடந்த ஐஸ், நான் என்ர கண்ணால கண்டனான், அந்த வீட்டில இருந்த அத்தினை பேருக்கும் தெரியும், உங்கட மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டு வடை சாப்பிட்டவை எண்டு சொன்னன். மனுசன் எதிர்த்துக் கதைப்பார், காத்தைப் பற்றி ஏதும் சொல்லுவார் எண்டு பாத்தன். ஸ்ரியறிங்கைப் பிடிச்சபடி ஒண்டு மட்டும் கேட்டார், பிள்ளை எந்தச் சீற்றில இருந்தவள் எண்டு. முன்னுக்கு, விழுந்த பக்கம் எண்டன்.

எஞ்சினை நிப்பாட்டினார். இறங்கினார். கையுறையும் இல்லை, தொப்பியும் இல்லை. கராஜுக்கை போய் அந்தப் பிறஷை எடுத்து வந்து கூரையில தொடங்கினார். தகடு பிறஷுக்கு அசையேல்லை, படியில ஏறி நிண்டு கையாலயே உடைச்சு உடைச்சு இழுத்துப் போட்டார். கையுறையைக் கொண்டுபோய் நீட்டினன், கண்டதாக் காட்டேல்லை. பொனற், பின் கண்ணாடி, லைற், நம்பர் பிளேற், சக்கரத்துக்கு மேல தொங்கினது எல்லாம். பத்தரை வந்தது, போனது, அவர் மணியைப் பாக்கேல்லை. கலியாணம் கட்டின நாள் தொடக்கம் இந்த மனுசன் ராகு காலத்துக்கை ஒரு வேலை தொடங்கி நான் காணேல்லை. முடிச்சுப்போட்டு அப்பிடியே றோட்டைக் கடந்து அங்கிளின்ர கதவைத் தட்டினார். என்ன கதைச்சவையோ தெரியாது. வந்து கை ரெண்டையும் தண்ணிக்குக் கீழ பிடிச்சுக்கொண்டு குசினியில நிண்டார், கண் சிவந்திருந்தது. குளிருக்கு எண்டு சொன்னார், நானும் ஓம் எண்டன்.

பின்னேரம் நிலாணி வேலையால வந்தாள். வேலைக்குப் போகாமல் நிண்ட அப்பா அவளைக் கூப்பிட்டு, லைற்றுக்குக் கீழ நிப்பாட்டி, நெத்தி மயிரை விலத்திப் பாத்தார். பிறகு போய்ச் சாப்பிடு பிள்ளை எண்டார். அவள் என்னைத் திரும்பி ஒரு பார்வை பாத்தாள், இன்னும் என்னோட முகம் குடுத்துக் கதைக்கேல்லை. கோவம் ஆறட்டும், கோவிக்கிறதுக்கு அவள் முழுசா இருக்கிறாளே, அது போதும் எனக்கு. இண்டைக்குக் காலமை ரேடியோவில திரும்பவும் ஸ்னோவில கார் ஓடுறதைப் பற்றிக் கதைச்சினம். அப்பா எழும்பிப் போய் அதை நிப்பாட்டிப்போட்டு வந்து இடியப்பத்தைச் சாப்பிட்டார்.

நீ ஏசியை முகத்துக்கு நேர விட்டுக்கொண்டு படுக்காதை. கலியாணத்துக்கு வரேக்க தாடியை எடுத்துப்போட்டு வா. உன்ர வேட்டி, சேட் எல்லாம் எடுத்து வச்சிருக்கிறன், இடுப்புக் கூடியிருந்தால் இப்பவே சொல்லு. பிளேன் இறங்கினால் வெளிய வராமல் உள்ளுக்க நில். அப்பா கூட்டிப்போட்டுத்தான் வெளிக்கிடுவார், பிந்தும், போன் எடுத்து அவசரப்படுத்தாதை. உனக்கு விசயம் தெரியும் எண்டு முகத்தில காட்டிப்போடாதை. பிள்ளையார் உன்னைத் தண்ணியிலும் தரையிலும் காப்பாத்த வேணும், நீ நூறு வயசுக்கு நல்லா இருக்க வேணும்.

மற்றது, மறக்க முதல் எழுதிறன். சாப்பிட்டுக் கை கழுவேக்க அப்பா சொன்னார், கலியாணத்தண்டு தான் முன்னுக்கு ஓட மாட்டாராம். எல்லாரின்ர காரும் போனாப் பிறகு, ஆருக்கும் முன்னால இல்லாமல், கடைசியாத்தான் வருவாராம். தங்கச்சியை ஏத்திக்கொண்டு முன்னுக்கு ஓடப்போறது நீ. பேர்த்தில இருந்து ஸ்னோவை மறந்துபோயிருப்பாய். கூரையை வடிவாக் கூட்டிப்போட்டு ஏறு, மகன். பின்னால வாறது நாங்கள்.

என்றும் உன்ர நினைவோட,
அம்மா
சந்திரவதனா