கட்டிலிலிருந்து குளியலறை வரை ஒரு கயிறு

13.7.1992, திங்கள்
காலை 6.10. மேற்கிலிருந்து காற்று. மூட்டம், மழை இல்லை. பக்கத்துப் பனியன் கம்பெனியின் பஞ்சுத் தூசி ஜன்னல் வழியே மிதந்து வந்து கொசுவலை மேல் அமர்கிறது. பாவாத்தாள் அதையே பார்த்தபடி படுத்திருந்தாள். எழ மனமில்லை என்றாள். மனமின்மை அன்று, அச்சம். குளியலறையில் விழுந்து (2.6.92, செவ்வாய், மு.ப. 9.20) நாற்பத்தொரு நாள் ஆகிறது. மாவுக்கட்டு எடுத்தாயிற்று. மணிக்கட்டு சேர்ந்துவிட்டது. கால்தான் தரையை நம்ப மறுக்கிறது.

மகன் சின்னசாமி நேற்று பெருமாநல்லூரிலிருந்து வந்து சொன்னது, சொன்னபடியே: "இன்னொருக்கா அம்மா உளுந்தாங்கன்னா, ஊட்டப் பூட்டிப்போட்டு ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போயிருவனுங்கப்பா. அப்பறம் பேச்சில்லீங்க."

அவன் வீடு மாடியில். கீழே முப்பது தையல் மெஷின். அங்கே போனால் பா. கட்டிலை விட்டு இறங்கவே மாட்டாள். நாற்பத்தாறு ஆண்டு உடனிருப்பவன் சொல்கிறேன்.

14.7.92, செவ்வாய்
வழுக்கும் இடங்கள், நானே நடந்து பார்த்து எழுதியவை:
குளியலறை வாசல். சோப்புத் தண்ணீர்.
அடுப்படியில், எண்ணெய்ப் பாத்திரத்தின் கீழ்.
கால்மிதி. சிவப்புச் சிமெண்டுத் தரையில் கால்மிதியே வழுக்குகிறது. அகற்றப்பட்டது.
என் செருப்பு, நடுவழியில். (பா. சுட்டியது. ஒப்புக்கொண்டேன்.)

இவ்வளவும் சரிசெய்தாலும் பிடித்து நடக்க ஒன்று தேவை. கட்டிலிலிருந்து குளியலறைக்குப் பதினேழு அடி. கயிறு கட்டலாம். தேங்காய் நார் கையை அறுக்கும். பனியன் துணி மெத்தென்றிருக்கும்.

15.7.92, புதன்
பக்கத்துக் கம்பெனியில் டேமேஜ் துணி ஓர் உருளை கொடுத்தார்கள். இருபத்தொன்பது ஆண்டு கட்டிங் மாஸ்டராக இருந்த கை. கத்தரி தானாக ஓடியது. முடிச்சு உள்ளங்கையை உறுத்தக் கூடாது என்பதற்காக, குழாய் போல இருக்கும் அத்துணியைச் சுற்றிச் சுற்றி ஒரே நாடாவாக வெட்டினேன். அவ்வாறு மூன்று நாடா.

"சடை பின்னத் தெரியுமாக்கும் உங்களுக்கு?" என்று பா. கட்டிலிலிருந்தே வாங்கிக்கொண்டு பின்னினாள். மெஷின் ஓசை தூரத்து மழை போல.

மதியம் கண்ணயர்ந்தேன். கனவில் அந்தக் கயிறு முடிவே இல்லாமல், வெள்ளையாக, நொய்யல் ஆற்றின் மேலே போகிறது. அவள் அதைப் பிடித்துத் தண்ணீர் மேல் நடக்கிறாள். பாதம் நனையவில்லை.

16.7.92, வியாழன். ஆடி முதல் நாள்
கயிறு கட்டியாயிற்று. பா. விரல் நுனியால் தொட்டபடி இரு முறை நடந்தாள். பாரம் போடவில்லை. காற்று பலம். கதவுகள் நாள் முழுதும் பேசிக்கொண்டே இருந்தன.

17.7.92, வெள்ளி
மு.ப. 10.40. பாதி வழியில் இன்றுதான் முழு உடலையும் கயிற்றில் சாய்த்தாள்.

"ஏனுங்க, கயிறு கூடவே வருதுங்க."

வந்தது. தொய்ந்து, தொய்ந்து, அவளை மெல்லத் தரையில் இறக்கி வைத்தது. தூளியிலிருந்து குழந்தையை இறக்குவது போல. அடி இல்லை. வலி இல்லை.

பிழை என்னுடையது. பனியன் துணி அகலவாக்கில் இழுபடும்; சுற்றி வெட்டிய நாடா அந்த வாக்கிலேயே ஓடும். கழுத்துப் பட்டிக்கு (நெக் ரிப்) அப்படித்தான் வெட்டுவேன், தலை நுழைய வேண்டும் என்று. இதை மறந்தேன்.

தூக்க முயன்றேன். என் இடுப்பு இடம் தரவில்லை. ஆகவே நானும் அருகில் உட்கார்ந்தேன். தரை குளிர்ச்சி. பஞ்சு ஒன்று இறங்கி அவள் முடியில் நின்றது. எடுக்கவில்லை. காங்கேயத்துக்கு வண்டியில் போன ஒரு நாளைப் பற்றிச் சொன்னாள். நான் வேறு விதமாக நினைவு வைத்திருந்தேன். திருத்தவில்லை.

11.35. வேலைக்கு வரும் ருக்மணி, திருநெல்வேலிக்காரி: "என்னய்யா, ரெண்டு பேரும் தாயம் ஆடுதீயளா?" அவள்தான் இருவரையும் தூக்கிவிட்டாள்.

இப்போது கேள்வி: இது விழுதலா, உட்காருதலா?

"உளுகலீங்க. உக்காந்தேன். பையங்கிட்டச் சொல்ல வேண்டாமுங்க" என்றாள் பா.

19.7.92, ஞாயிறு
சின்னசாமி வந்தான், 9.15. சொல்லிவிட்டேன், மணி, நிமிடக் கணக்கோடு. மறைத்து இந்த வீட்டில் இருக்க என்னால் இயலாது. பா. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அம்பத்தஞ்சு நிமிசம் தரைலயே இருந்தீங்களா? பக்கத்துல யாரையாச்சும் கூப்புட்டிருக்க வேண்டாமுங்களாப்பா?"

பா. சொன்னாள், சுவரைப் பார்த்தபடி: "கூப்புடோணும்னே தோணல கண்ணு. பேசிட்டிருந்தோம்."

சின்னசாமி கயிற்றை இழுத்தான், விட்டான். "கட்டிங் மாஸ்டருங்களே, நல்லா நெக் ரிப் போட்டிருக்கீங்க" என்றான். சட்டைப் பையிலிருந்து தையல் சாக்பீஸ் துண்டை எடுத்தான்.

"அம்மா, செவுத்தோரம் நில்லுங்க. கை எங்க வருதுங்க?"

அவள் எழுந்து போய் நின்றாள். எதையும் பிடிக்காமல் மூன்று தப்படி. கை பட்ட இடத்தில் கோடு போட்டான். அளந்தோம்: முப்பத்து மூன்று அங்குலம். அந்த உயரத்தில் சுவர் நெடுக, பிடித்து நடக்க, இரும்புக் குழாய் பதிக்கப்போகிறான். வீட்டைப் பூட்டும் பேச்சை அவன் எடுக்கவில்லை.

குழாய் புதன்கிழமை வரும். அதுவரை என் தோள். சற்று முன் ஒரு முறை போய் வந்தோம். நான்கு நிமிடம், ஜன்னலருகே நின்றதையும் சேர்த்து.