அந்த ‘ம்மா’

அன்பு மகன் வெற்றிவேலுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உன் பெண்சாதி அபிநயாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், மஸ்கட் வெயிலில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டும். செல்லில் பேசுகிறவள் எதற்குக் கடிதாசி எழுதுகிறாள் என்று நினைப்பாய். செல்லில் எழுதினால் நீ ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் போய்விடுவாய். உன் கேம்ப்பில் தங்கியிருக்கிற உளுந்தூர்பேட்டைக்காரர் லீவு முடிந்து கிளம்புகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். மலையில் கரியாலூர் பக்கம் நல்ல மழையாம், இங்கே தூறலோடு சரி. கரும்புக்குக் காய்ந்த சோகை உரித்தாகிவிட்டது. அபிநயாவுக்கு மணலூர்பேட்டையில் பல் பிடுங்கினோம், அதிலிருந்து அவள் சரியாகப் பேசுவதில்லை. பல்லால் இல்லை, உன்னால்தான்.

மேலத்தெருவுக்குப் பதினோரு நாள் தண்ணீர் வராதது உனக்குத் தெரியும். முன்னாள் தலைவர் ஜெயப்பிரகாஷ் கொல்லையில்தான் வால்வு இருக்கிறது, தனக்குப் போடாமல் எனக்கு ஓட்டுப் போட்ட தெரு என்று மூடி வைத்துவிட்டார். மூன்று தடவை நேரில் போய்ச் சொன்னேன், கேட்கவில்லை. பிறகுதான் வால்வைப் போட்டோ எடுத்து பேஸ்புக்கில் போட்டு, உடனே திறக்கவும் என்று எழுதி, கீழே கலையரசி, ஊராட்சித் தலைவர் என்று போட்டேன். நான் தலைவரான இந்த நாலு வருஷத்தில் அப்பா எழுதிக் கொடுக்காமல் நானாக எழுதியது அது ஒன்றுதான். அதற்கு அவர் போட்ட பதில் எனக்கு மனப்பாடம். “டென்சன் ஆவாதம்மா. வால்வு இன்னா பைப்பு இன்னான்னு உனக்குத் தெரியாதும்மா. வூட்டுக்காரர அனுப்பு, நாங்க பேசிக்கறோம். நீ போய் கொழம்ப பாரும்மா, அடி புடிச்சிடப் போவுது.”

குழம்பு கூடப் பெரிசில்லை வெற்றி. அந்த ம்மாதான். கண்டக்டர் ம்மா என்கிறார், பூக்காரர் ம்மா என்கிறார், எனக்கு ஒன்றும் ஆனதில்லை. இது தலையில் கை வைத்து அமுக்கி உட்காரவைக்கிற ம்மா. யாரிடம் காட்டினாலும், அம்மான்னு மரியாதையாத்தான கூப்பிட்டுகிறாரு, இதுல இன்னா தப்பு என்கிறார்கள். கெட்ட வார்த்தையாக இருந்தால் போலீசுக்காவது போயிருப்பேன். அப்பா போய் அவரோடு டீ குடித்துவிட்டு வந்தார், சாயங்காலம் தண்ணீர் வந்தது, நான் எழுதினதைக் காணோம். அப்பாதான் என் செல்லை எடுத்து அழித்திருக்கிறார். தண்ணி வந்துடுச்சில்ல, வுடு என்றார். மேலத்தெருக்காரர்கள் வீட்டுக்கு வந்து அப்பாவுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். நான் தண்ணீர் மொண்டு கொடுத்தேன்.

அழிப்பதற்கு முன்னால், அவர் பதிலுக்குச் சிரிப்புப் பொம்மை போட்டவர்கள் யார் யாரென்று பார்த்தேன். வேணாங்கத்த, செல்லக் குடுங்க என்று அபிநயா பிடுங்க வந்தாள். அதற்குள் பார்த்துவிட்டேன். நாற்பத்தெட்டுப் பேரில் நீயும் இருந்தாய், ஏரிக்கரையில் நான் எடுத்த உன் போட்டோவோடு. விரல் தெரியாமல் பட்டிருக்கும் என்கிறாள் அபிநயா, சொல்லும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் நீ, இன்னாம்மா பண்ற என்று கேட்டாய். அது எந்த ம்மா என்று எனக்குச் சட்டென்று புரியவில்லை. சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. மாட்டுக்கொட்டகையில் போய் அழுதேன். பேச்சு வந்த புதிதில் ஒரு வருஷம் வரைக்கும் உனக்கு அந்த ஒரு வார்த்தைதான் தெரியும்.

வருகிற இரண்டாம் தேதி கிராம சபை. வால்வை ஊராட்சி இடத்துக்கு மாற்றுகிற தீர்மானத்தை நானே மைக்கில் படிக்கப் போகிறேன், அப்பா வேண்டாம் என்றாலும். யாராவது வீடியோ எடுத்துப் போடுவார்கள், எனக்கு வாய் குழறலாம். சிரிப்பு வந்தால் எனக்குப் போன் போட்டுச் சிரி, ஊர் பார்க்கச் சிரிக்காதே. அபிநயாவிடம் நீயாகப் பேசு. ஏ.சி.க்கு நேராகப் படுக்காதே. மாரியாத்தா உன் கூட இருப்பாள், நீ நல்லா இருக்கணும் கண்ணு. கீழே எப்போதும் போடுகிற கையெழுத்துதான் போட்டிருக்கிறேன். அதை மட்டும் ஒரு தடவை வாய்விட்டுப் படி.

உன்
அம்மா